அனஹைம் முதல் கிராண்ட் கேன்யன் வரை: குடும்பத்தோடு முதல்முறை கிளம்புகிறவர்களுக்கு

தீம் பார்க்கில் காசு கொடுத்தால் வரிசை சுருங்கும். தேசியப் பூங்காவில் அந்தப் பாச்சா பலிக்காது. விடிவதற்கு முன் எழுந்தவருக்குத்தான் அங்கே வண்டி நிறுத்த இடம். இரண்டையும் ஒரே விடுமுறையில் சேர்க்கும் குடும்பங்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். டிஸ்னிலேண்டுக்குப் போகிற நினைப்பிலேயே காலை பத்தரைக்கு ஸயன் பூங்கா வாசலில் போய் நிற்பார்கள். இன்னும் சிலர் மலையேறப் போவதுபோல மூட்டை கட்டிக்கொண்டு டிஸ்னிலேண்ட் சோதனை வரிசையில் திண்டாடுவார்கள்.

இங்கே சொல்லப்போவது அமெரிக்காவின் மேற்கில் ஒரு சுற்று. லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய அனஹைமில் தொடங்கி, லாஸ் வேகஸ் வழியாக யூட்டா மாநிலத்தின் ஸயன், பிரைஸ் கேன்யன் பூங்காக்களைப் பார்த்துவிட்டு, அரிசோனாவில் கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பில் முடியும். அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டி என ஆறு பேர் போவதாக வைத்துக்கொள்வோம்.

எத்தனை நாள், எது முதலில்

பதினொரு பகல், பத்து இரவு வேண்டும்.

1ஆம் நாள்: அனஹைம் வந்து சேர்வது, மளிகை வாங்குவது, தூங்குவது.
2: டிஸ்னிலேண்ட்.
3: ஓய்வு. வேண்டுமானால் மாலையில் ஹண்டிங்டன் கடற்கரை.
4: கலிபோர்னியா அட்வென்சர் (டிஸ்னிலேண்டுக்கு எதிரே உள்ள இன்னொரு டிஸ்னி பூங்கா) அல்லது யூனிவர்சல் ஸ்டுடியோஸ்.
5: அனஹைமிலிருந்து லாஸ் வேகஸ். சுமார் 265 மைல், நாலரை முதல் ஐந்து மணி நேரம்.
6: லாஸ் வேகஸிலிருந்து ஸயன் வாசலில் உள்ள ஸ்பிரிங்டேல். 160 மைல், மூன்று மணி நேரத்துக்குள்.
7: ஸயன், முழு நாள்.
8: பிரைஸ் கேன்யன். 85 மைல், இரண்டு மணி நேரம். இரவு அங்கேயே.
9: அரிசோனாவின் பேஜ் ஊர். 150 மைல், மூன்று மணி நேரம்.
10: கிராண்ட் கேன்யன். சுமார் 135 மைல், மூன்று மணி நேரம்.
11: சூரிய உதயம் பார்த்துவிட்டுத் திரும்புவது.

இந்த மணிக்கணக்கு வண்டி ஓடும் நேரம் மட்டுமே. குழந்தையும் பெரியவர்களும் இருந்தால் ஒன்றரை மணிக்கு ஒருமுறை நிறுத்த வேண்டியிருக்கும். மேப் காட்டும் நேரத்தோடு மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். ஏழு நாளில் முடிக்க நினைப்பவர்கள் கடைசியில் வெட்டுவது மூன்றாம் நாள் ஓய்வைத்தான். அதை வெட்டினால் நாலாம் நாள் மதியமே ஒரு குழந்தை தரையில் உட்கார்ந்து அழும், பெரியவர்களுக்குக் கால் வீங்கும். நாள் பற்றாது என்றால் பிரைஸையோ இரண்டாவது தீம் பார்க்கையோ விட்டுவிடுங்கள், ஓய்வு நாளில் கை வைக்காதீர்கள்.

தீம் பார்க்கை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு முதல் சில நாள் அதிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். வாயில் திறக்கும் முன் போய் நிற்க அது தோது. மாலை நாலு மணிக்குக் கண் சொருகும்போது ஓட்டல் பக்கத்தில் இருக்கும். அதே தூக்கக் கலக்கத்தோடு பாலைவன நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுவது ஆபத்து. ஐந்தாம் நாளுக்குள் உடம்பு ஓரளவு ஊர் நேரத்துக்கு வந்துவிடும்.

ஏப்ரல் கடைசி, மே, செப்டம்பர், அக்டோபர் நல்ல மாதங்கள். கோடை விடுமுறையில்தான் முடியும் என்றால் ஜூன் முதல் பாதி பரவாயில்லை. ஜூலை, ஆகஸ்டில் யூட்டா, அரிசோனா பக்கம் மதியத்துக்கு மேல் இடி மழை வரும். பள்ளத்தாக்குகளில் திடீர் வெள்ளம் வரும் பருவமும் அதுதான். டிஸ்னிலேண்டுக்கு எந்த மாதமானாலும் செவ்வாய், புதன், வியாழன். லாஸ் வேகஸுக்குக் கிளம்பும் நாள் வெள்ளிக்கிழமையாக அமையாதபடி காலண்டரை நகர்த்துங்கள். வெள்ளி மதியம் தெற்குக் கலிபோர்னியாவில் பாதிப் பேர் அதே 15ஆம் எண் நெடுஞ்சாலையில்தான் இருப்பார்கள்.

முன்பதிவு: எதற்கு எவ்வளவு முன்னால்

பூங்காவுக்குள் இருக்கும் விடுதிகள்தான் முதலில் தீரும். கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பில் பிரைட் ஏஞ்சல், மாஸ்விக், எல் டோவார் போன்றவற்றுக்கும் ஸயன் லாட்ஜுக்கும் 13 மாதம் முன்பே பதிவு திறந்துவிடும். கிடைக்கவில்லை என்றால் கவலைப்பட வேண்டாம். ஸயனுக்கு ஸ்பிரிங்டேல் ஊர் வாசலிலேயே இருக்கிறது. கிராண்ட் கேன்யனுக்குத் தெற்கு வாயிலை ஒட்டி டூசயான். அங்கே ரத்து செய்யக்கூடிய அறையைப் பிடித்து வைத்துக்கொண்டு, பயணத்துக்கு முந்தைய மாதத்தில் தினம் ஒருமுறை பூங்கா விடுதிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கடைசி நேரத்தில் மற்றவர்கள் ரத்து செய்த அறைகள் வந்து விழும்.

பேஜ் பக்கத்தில் இருக்கும் குறுகிய பாறைப் பிளவான ஆன்டலோப் கேன்யனைப் பார்க்க வழிகாட்டியோடுதான் போக முடியும். அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பு. டிஸ்னிலேண்ட் டிக்கெட்டுக்குத் தேதியைப் பொறுத்து விலை ஏறி இறங்கும், ஆகவே தேதி முடிவானதும் வாங்கிவிடலாம். மூன்று வயது நிரம்பாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். பத்து வயது ஆகிவிட்டால் பெரியவர் கட்டணம். பத்தாவது பிறந்தநாள் பயணத்துக்கு நடுவில் வந்தால் டிஸ்னி நாளை அதற்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

பாஸ் கணக்கு

இந்தச் சுற்றில் வரும் மூன்று தேசியப் பூங்காக்களிலும் ஒரு காருக்கு 35 டாலர். ஏழு நாள் செல்லும். எல்லாத் தேசியப் பூங்காக்களுக்கும் பொதுவான வருடாந்தர பாஸ் 80 டாலர். மூன்று பூங்கா என்றாலே பாஸ்தான் லாபம். இது அமெரிக்காவில் குடியிருப்பவர்களுக்கான கணக்கு.

2026 ஜனவரி 1 முதல் வெளிநாட்டவர் கணக்கு வேறு. கூட்டம் அதிகமுள்ள 11 பூங்காக்களில் 16 வயது நிரம்பிய ஒவ்வொரு வெளிநாட்டுப் பயணிக்கும் வழக்கமான கட்டணம் போக 100 டாலர். ஸயன், பிரைஸ், கிராண்ட் கேன்யன் மூன்றுமே அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஊரிலிருந்து வந்த இருவருக்கு மூன்று பூங்காவில் 600 டாலர் ஆகிறது. வெளிநாட்டவருக்கான வருடாந்தர பாஸ் 250 டாலர். வண்டியில் குடியிருப்பவரும் விருந்தாளியும் கலந்திருக்கும்போது யார் பெயரில் பாஸ் எடுப்பது என்பதைப் பூங்காவின் கட்டணப் பக்கத்தில் படித்துவிட்டு வாங்குங்கள். வாயிலில் நின்று வாதாடுவதற்குப் பின்னால் நிற்கும் வண்டிகள் விடாது. குடியிருப்பவர் பாஸுக்கு அமெரிக்க அரசு கொடுத்த புகைப்பட அடையாள அட்டை வேண்டும், எனவே ஓட்டுநர் உரிமம் கையில் இருக்கட்டும். பல வாயில்களில் ரொக்கம் வாங்குவதில்லை, அட்டைதான்.

அமெரிக்கப் பள்ளியில் நாலாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை இருந்தால், ‘எவரி கிட் அவுட்டோர்ஸ்’ என்ற இலவச பாஸை இணையத்தில் எடுத்துக் காகிதத்தில் அச்சிட்டுக் கொண்டுபோங்கள். 

வண்டி

ஆறு பேருக்கு ஏழு இருக்கை எஸ்யூவி போதும் என்று தோன்றும். மூன்றாவது வரிசையில் ஆள் உட்கார்ந்ததும் பின்னால் இரண்டு பெட்டிகூட நிற்காது. மினிவேன் எடுங்கள். பக்கவாட்டில் நகரும் கதவு பெரியவர்களுக்கு ஏறி இறங்கச் சுலபம். இந்தச் சுற்று முழுக்கத் தார்ச்சாலை. பனிக்காலம் தவிர நாலு சக்கர இழுவை தேவையில்லை.

கலிபோர்னியாவில் எட்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தை பின் இருக்கையில், கார் சீட் அல்லது பூஸ்டரில்தான் உட்கார வேண்டும். உயரம் 4 அடி 9 அங்குலத்தைத் தொட்டவர்களுக்கு மட்டும் விலக்கு. வாடகைக்கு எடுக்கும் சீட்டுக்கு நாள்கணக்கில் பணம் போகும், சுத்தமும் சந்தேகம். சொந்தச் சீட்டை விமானத்தில் கொண்டு வரலாம்.

பெட்ரோல் பம்பில் அட்டையைச் செருகியதும் அஞ்சல் குறியீடு கேட்கும். இந்திய அட்டை வைத்திருப்பவர்கள் அங்கேயே மாட்டிக்கொள்வார்கள். உள்ளே போய்ப் பம்ப் எண்ணைச் சொல்லி, நாற்பது டாலருக்கு என்று முன்பணம் கட்டினால் வேலை முடிந்தது. லாஸ் வேகஸுக்குப் பிறகு டேங்க் பாதிக்குக் கீழே போனால் அடுத்து வரும் ஊரில் நிரப்பிவிடுங்கள். ஸயன் பள்ளத்தாக்குக்குள் போன் சிக்னல் கிடைக்காது. வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்திருக்க வேண்டும்.

சாப்பாடு

அனஹைமிலிருந்து ஏறக்குறைய பத்து மைலில் ஆர்டீசியா. பயனியர் பூலவார்டு என்ற அந்தத் தெருவில் இந்திய மளிகையும் உணவகங்களும் வரிசையாக இருக்கும். தயிர், அரிசி, ஊறுகாய், தோசை மாவு எல்லாம் அங்கே கிடைக்கும்போது ஊரிலிருந்து சுமந்து வர வேண்டியதில்லை. பொடி வகைகளை மட்டும் கொண்டு வந்தால் போதும், அதையும் விமான நிலையச் சுங்கத்தில் சொல்லிவிட வேண்டும். பச்சைக் கறிவேப்பிலைக்கு அனுமதி இல்லை. எலுமிச்சை வகை மரங்களைத் தாக்கும் நோய் அதன் வழியாகப் பரவும் என்பதால் பறிமுதல் செய்வார்கள்.

சின்ன ரைஸ் குக்கர் ஒன்று இருந்தால் யூட்டா பக்கம் பெரிய உதவி. அங்கே சின்ன ஊர்களில் இரவு ஒன்பதுக்கெல்லாம் அடுப்பை அணைத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் திறக்கவே திறக்காது. ஓட்டல் அறையில் தாளிக்க மட்டும் கூடாது. கடுகு வெடித்து மிளகாய் நெடி கிளம்பிய மறு நிமிடம் புகை எச்சரிக்கை மணி அலறும். புளிக்காய்ச்சலையும் தக்காளித் தொக்கையும் வீட்டிலேயே செய்து பாட்டிலில் எடுத்துக்கொண்டால் சாதம் வடித்துப் பிசைவதோடு சமையல் முடியும்.

பிரைஸில் அந்தச் சாதமும் சோதிக்கும். 8,000 அடி உயரத்தில் தண்ணீர் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். சாதாரண குக்கரில் அரிசி நடுவில் நறுக்கென்று நிற்கும். அரை மணி ஊறவைத்து, வழக்கத்தைவிடக் கால் டம்ளர் தண்ணீர் கூட்டி வைத்து, சுவிட்ச் அணைந்த பிறகும் பதினைந்து நிமிடம் மூடியைத் திறக்காமல் விடுங்கள்.

டிஸ்னிலேண்டுக்குள் வெளிச் சாப்பாடு கொண்டுபோகலாம். கண்ணாடிப் பாத்திரம் கூடாது, சூடுபடுத்த வேண்டியதாக இருக்கக் கூடாது, வாடை தூக்கலாக இருக்கக் கூடாது. எலுமிச்சைச் சாதம், சப்பாத்தி ரோல், முறுக்கு எல்லாம் தாராளமாகப் போகும். கருவாட்டுத் தொக்கு ஆசை இருந்தால் அறையிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். உள்ளே குடிக்கத் தண்ணீர் காசு கொடுத்து வாங்க வேண்டாம். உணவு கவுன்டர்களில் கேட்டால் ஐஸ் தண்ணீர் ஒரு கப் சும்மா கொடுப்பார்கள். சைவர்கள் வெளியில் சாப்பிடும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: மெக்சிகன் கடைகளில் பீன்ஸைப் பன்றிக்கொழுப்பிலும் சாதத்தைக் கோழிச்சாற்றிலும் சமைப்பது சகஜம்.

டிஸ்னிலேண்ட் நாள்

1955 ஜூலையில் திறந்த பழைய பூங்கா டிஸ்னிலேண்ட்; எதிர்வாசலில் 2001இல் வந்தது கலிபோர்னியா அட்வென்சர். ஒரே நாளில் இரண்டிலும் நுழைய ‘பார்க் ஹாப்பர்’ என்று கூடுதல் காசுக்கு டிக்கெட் உண்டு. முதல்முறை வருபவர்களுக்கு அது வீண். பழைய பூங்காவையே ஒரு நாளில் முடிக்க முடியாது.

கிளம்புவதற்கு முன் வீட்டில் குழந்தையைச் சுவரில் நிறுத்தி உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 40 அங்குலம், அதாவது 102 செ.மீ. இருந்தால் ஸ்பேஸ் மவுன்டன், பிக் தண்டர், ஸ்டார் டூர்ஸ், ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ், எதிர்ப் பூங்காவின் ரேடியேட்டர் ஸ்பிரிங்ஸ் ரேசர்ஸ் எல்லாம் திறக்கும். மேட்டர்ஹார்னுக்கு 42, இந்தியானா ஜோன்ஸுக்கு 46, இன்கிரெடிகோஸ்டருக்கு 48 அங்குலம். வாசலில் அளவுகோல் வைத்துத்தான் விடுவார்கள். அரை அங்குலம் குறைந்தாலும் கெஞ்சிப் பயனில்லை. முக்கால் மணி வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பும் குழந்தையின் அழுகையைத் தவிர்க்க, அதற்கு எது உண்டு எது இல்லை என்று முந்தின இரவே சொல்லிவிடுவது நல்லது.

தங்குவதற்கு ஹார்பர் பூலவார்டில், பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் வாசல் வந்துவிடும் ஓட்டலாகப் பாருங்கள். அறை வாடகை கூடத்தான் இருக்கும். ஆனால் பார்க்கிங் கட்டணம் மிச்சம், பார்க்கிங் கட்டடத்தில் டிராமுக்குக் காத்திருப்பதும் மிச்சம். எல்லாவற்றையும்விட, மதியம் அறைக்குப் போய்த் தூங்கிவிட்டு வர முடியும். அந்தத் தூக்கம்தான் இந்த நாளைக் காப்பாற்றுவது.

நாள் ஓட வேண்டிய விதம் இது. பூங்கா திறக்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே பாதுகாப்புச் சோதனை வரிசையில் இருங்கள். தள்ளுவண்டி 31 அங்குல அகலம், 52 அங்குல நீளத்துக்குள் இருக்க வேண்டும். இழுத்துப் போகும் வேகன் வகைக்கும் செல்ஃபி ஸ்டிக்குக்கும் அனுமதி இல்லை. கதவு திறந்ததும் சின்னக் குழந்தை இருந்தால் நேராக ஃபேன்டசிலேண்ட் போய் முதலில் பீட்டர் பான். அந்தச் சவாரிக்கு வேக வரிசை கிடையாது, ஒரு சுற்றில் ஏறும் ஆளும் குறைவு, அதனால் பகல் முழுக்க வரிசை கரையவே கரையாது. பெரிய பிள்ளைகள் என்றால் ஸ்டார் வார்ஸ் பகுதிக்கோ ஸ்பேஸ் மவுன்டனுக்கோ. முதல் இரண்டு மணி நேரத்தில் முடிகிற அளவு, மதியத்தில் நாலு மணி நேரம் நின்றாலும் முடியாது.

வேக வரிசைக்கு ‘லைட்னிங் லேன் மல்டி பாஸ்’ என்று பெயர். டிஸ்னிலேண்ட் ஆப்பில் வாங்குவது, ஆளுக்கு ஒன்று. விலை நாளுக்கு நாள் மாறும். பூங்காவுக்குள் நுழைந்த பிறகுதான் முதல் சவாரியைத் தேர்ந்தெடுக்க முடியும். ஒரு மணி நேர அவகாசம் ஒன்றைத் தரும். அந்த நேரத்துக்குள் போய் டிக்கெட்டைக் காட்டி நுழைந்ததும் அடுத்ததை எடுக்கலாம். போகாவிட்டாலும் எடுத்த நேரத்திலிருந்து இரண்டு மணி கழித்து அடுத்தது திறக்கும். ஆகவே ஒருவர் போனில் அலாரம் வைத்துக்கொண்டு இதையே வேலையாகப் பார்க்க வேண்டும், பவர் பேங்க் கையில் இருக்க வேண்டும். சவாரி ஏறாத தாத்தா பாட்டிக்கு இதை வாங்கித் தராதீர்கள், முழுக்க வீண். சனிக்கிழமையிலோ பள்ளி விடுமுறையிலோ மாட்டிக்கொண்டால் வாங்கலாம். கூட்டம் குறைந்த புதன்கிழமை, சீக்கிரம் எழுந்த குடும்பத்துக்கு அது இல்லாமலே ஒப்பேற்றிவிடலாம்.

உயரம் போதாத குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்று பெற்றோர் சண்டை போட வேண்டாம். சவாரி வாசலில் இருக்கும் ஊழியரிடம் ‘ரைடர் ஸ்விட்ச்’ என்று சொன்னால், ஒருவர் போய் வந்ததும் மற்றவர் முழு வரிசையில் நிற்காமல் ஏறலாம். ஆரம்பத்திலேயே சொல்ல வேண்டும், ஒருவர் இறங்கி வந்த பிறகு கேட்டால் பயனில்லை.

பெரியவர்களுக்கு உகந்தது பூங்காவைச் சுற்றிவரும் நீராவி ரயில். உட்கார்ந்தபடியே ஒரு முழுச் சுற்று. டுமாரோலேண்டைத் தாண்டியதும் இருட்டுக்குள் ஒரு நீண்ட ஓவியக் காட்சி வரும்: கிராண்ட் கேன்யன். 1958இல் வைத்தது. எட்டு நாள் கழித்து அசலைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இது ஒரு முன்னோட்டம். குழந்தைகளிடம் சொல்லி வைத்தால் அங்கே போய் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

பகல் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போங்கள். மதியச் சாப்பாட்டை உள்ளேயே வாங்குவதானால் காலை பத்து மணிக்கே ஆப்பில் ஆர்டர் நேரத்தைப் பிடித்துவிடுங்கள், பசித்த பிறகு திறந்தால் ஒரு மணி நேரம் தள்ளிக் காட்டும். ஐந்து மணிக்குத் திரும்பி வந்தால் வெயிலும் தணிந்திருக்கும், அழுகிற குழந்தைகளோடு பாதிக் குடும்பங்கள் கிளம்பியிருக்கும். வாணவேடிக்கை எல்லா நாளும் கிடையாது; மேலே காற்று பலமாக இருந்தால் கடைசி நிமிடத்தில் ரத்தாகும். அதற்காக ஒன்றரை மணி நேரம் நடைபாதையில் இடம்பிடித்து உட்காராதீர்கள். அந்த நேரத்தில்தான் சவாரி வரிசைகள் காலியாகும்.

நாலாம் நாளுக்கு யூனிவர்சலா, கலிபோர்னியா அட்வென்சரா? குழந்தையின் உயரம் 40 அங்குலத்துக்குக் கீழே என்றால் யூனிவர்சல் வேண்டாம். மரியோ கார்ட்டுக்கே 40 கேட்கிறார்கள், ஹாரி பாட்டரின் பெரிய சவாரிக்கு 48. தவிர அது மலைச்சரிவில் மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு. நடுவில் நீளமான எஸ்கலேட்டர்கள். எட்டு வயதுக்கு மேற்பட்ட, சினிமா மோகம் உள்ள பிள்ளைகள் இருந்தால் தாராளமாகப் போகலாம். திறந்ததும் கீழ் அடுக்கில் நின்டெண்டோ பகுதி, பதினொரு மணிவாக்கில் மேலே வந்து ஸ்டுடியோ டூர். அந்த டூர் ஒரு மணி நேரம், பூங்கா மூடுவதற்கு வெகு முன்பே கடைசி வண்டி கிளம்பிவிடும்.

ஸயன்

மார்ச்சிலிருந்து நவம்பர் வரை ஸயனின் முக்கியப் பள்ளத்தாக்குச் சாலையில் சொந்த வண்டி போகக் கூடாது. பூங்காவின் ஷட்டில் பஸ்தான், இலவசம். வாயிலை ஒட்டிய பார்க்கிங் காலை எட்டு ஒன்பதுக்குள் நிறைந்துவிடும். அதன்பின் வருபவர்கள் ஸ்பிரிங்டேலில் காசு கட்டி நிறுத்திவிட்டு ஊர் ஷட்டிலில் வர வேண்டும். ஸ்பிரிங்டேலில் தங்கியிருந்தால் இந்த வம்பே இல்லை. வண்டியை ஓட்டலில் விட்டுவிட்டு ஊர் பஸ் ஏறுங்கள், காலை ஏழு மணிக்கு.

வழியில் எங்கும் இறங்காமல் கடைசி நிறுத்தமான டெம்பிள் ஆஃப் சினவாவாவுக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து ஆற்றங்கரையோரம் போகும் ரிவர்சைடு வாக், போக வர 2.2 மைல், சமதளமான பாதை. தாத்தா பாட்டி மெதுவாக நடக்கலாம், ஆங்காங்கே உட்காரலாம். பாதை முடியும் இடத்தில் ஆறே வழியாகிவிடும், அதுதான் நேரோஸ். முழங்கால் அளவு தண்ணீரில் பெரிய பிள்ளைகளோடு சற்றுத் தூரம் போய்த் திரும்பலாம். அடியில் உருண்டைக் கற்கள் வழுக்கும். செருப்பு வேண்டாம், பழைய கேன்வாஸ் ஷூவும் ஒரு கழியும் வேண்டும். வர்ஜின் ஆற்றில் நச்சு தரும் ஒருவகைப் பாசி உண்டு. அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ தலையை முக்கவோ கூடாது.

காலையில் விருந்தினர் மையத்தில் அன்றைய திடீர் வெள்ள அபாய அளவை எழுதி வைத்திருப்பார்கள். தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கிறதே என்று அதை அலட்சியப்படுத்தக் கூடாது. 1997 ஆகஸ்டில் பேஜ் பக்கத்து லோயர் ஆன்டலோப் கேன்யனில் 11 பேரை அடித்துச் சென்ற வெள்ளம், பல மைல் தள்ளிப் பெய்த மழையில் வந்தது. பாறைப் பிளவுகளில் மண் கிடையாது, உறிஞ்ச எதுவும் இல்லாததால் மழை அப்படியே ஓடி வந்து சேரும்.

மதியம் ஸயன் லாட்ஜ் நிறுத்தத்தில் இறங்கினால் புல்வெளியில் பெரிய மரநிழல். சாப்பிட்டுத் தூங்க நல்ல இடம். தெம்பு இருப்பவர்கள் எதிரே லோயர் எமரால்டு பூல் போய் வரலாம், 1.2 மைல். ஏஞ்சல்ஸ் லேண்டிங் இந்தக் கட்டுரைக்கு வெளியே. சங்கிலியைப் பிடித்து ஏற வேண்டிய முகடு, 2022 முதல் குலுக்கலில் அனுமதி வாங்க வேண்டும், சின்னக் குழந்தைகளோடு நினைக்கவே வேண்டாம்.

குழந்தைகளுக்கு விருந்தினர் மையத்தில் ‘ஜூனியர் ரேஞ்சர்’ புத்தகம் கேட்டு வாங்குங்கள். பயிற்சிகளை முடித்துக் கொண்டுபோனால் சீருடை அணிந்த ரேஞ்சர் உறுதிமொழி சொல்ல வைத்து பேட்ஜ் தருவார். மூன்று பூங்காவிலும் வெவ்வேறு பேட்ஜ். தீம் பார்க்கிலிருந்து வந்து ‘இங்க என்ன இருக்கு, வெறும் பாறைதானே’ என்று முகம் சுளிக்கும் பிள்ளைகளை வழிக்குக் கொண்டுவர இதைவிட நல்ல சாதனம் இல்லை.

பிரைஸ்

இங்கே கவனிக்க வேண்டியது உயரம். விளிம்பு 8,000 அடியில் தொடங்கி ரெயின்போ பாயின்ட்டில் 9,100ஐத் தாண்டும். தொட்டபெட்டா சிகரம் 8,650 அடி என்று நினைத்துக்கொண்டால் குளிரும் மூச்சு வாங்குவதும் புரியும். கோடையிலும் விடியற்காலை ஸ்வெட்டர் வேண்டும். ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் கிளம்புவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடட்டும். சன்ரைஸ் பாயின்ட்டிலிருந்து சன்செட் பாயின்ட் வரை அரை மைல் தார்ப்பாதை, எல்லோருக்கும் அதுவே போதும். காலை வெளிச்சத்தில்தான் பிரைஸின் செந்நிறப் பாறைக் கோபுரங்கள் உள்ளிருந்து எரிவதுபோல் தெரியும். ஆகவேதான் இரவு அங்கேயே தங்கச் சொன்னது.

பேஜ்: கடிகாரத்தில் கண் வையுங்கள்

மார்ச் முதல் நவம்பர் வரை யூட்டா கடிகாரம் கலிபோர்னியாவைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடும். அரிசோனா கோடை நேரத்துக்கு (கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கும் வழக்கம்) மாறுவதில்லை, ஆக அந்த மாதங்களில் பேஜும் கலிபோர்னியாவும் ஒரே நேரம். பேஜை ஒட்டிய நவஹோ பழங்குடி நிலத்திலோ கோடை நேரம் உண்டு. போன் எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அதன் நேரத்தைக் காட்டும். ஆன்டலோப் டூர் நிறுவனங்கள் பேஜ் நேரப்படி நடத்துகின்றன. கையில் சாதாரணக் கடிகாரம் கட்டி, பேஜ் வந்ததும் திருத்திக்கொள்ளுங்கள்.

அப்பர் ஆன்டலோப் உள்ளே தரைமட்டம், வெளியே வரும் வழியில் மட்டும் படிகள் உண்டு; படியேற முடிந்த பெரியவர்கள் போகலாம். லோயரில் செங்குத்தான இரும்புப் படிகள். கொலராடோ ஆறு குதிரை லாடம்போல் வளையும் ஹார்ஸ்ஷூ பெண்ட் போக வர ஒன்றரை மைல், நிழல் குறைவு; நிறுத்தக் கட்டணம் 10 டாலரை ஊராட்சி வாங்குகிறது, தேசியப் பூங்கா பாஸ் அங்கே செல்லாது.

கிராண்ட் கேன்யன்

பேஜிலிருந்து கேமரன் வழியாக வந்தால் கிழக்கு வாயிலான டெசர்ட் வியூவில் நுழையலாம். தெற்கு வாயிலில் முன்பகலில் நீளமான வரிசை நிற்கும்போது இங்கே கூட்டம் குறைவு. நுழைந்ததும் 1932இல் கட்டடக் கலைஞர் மேரி கோல்ட்டர் வடிவமைத்த கல் கோபுரம். அங்கிருந்து விடுதிகள் இருக்கும் கிராண்ட் கேன்யன் கிராமம் வரை சுமார் 25 மைல், வழியெல்லாம் நின்று பார்க்கும் இடங்கள். கொலராடோ ஆறே கண்ணுக்குத் தெரிவது இந்தப் பக்கத்தில்தான் அதிகம்.

தெற்கு விளிம்பு 7,000 அடி, நம் கொடைக்கானல் உயரம். ஆனால் கீழே இறங்க இறங்கச் சூடு ஏறும். விளிம்பில் இதமாக இருக்கும்போது அடியில் 20 ஃபாரன்ஹீட் டிகிரிக்கு மேல் கூடியிருக்கும். இங்கே ஆட்கள் மாட்டிக்கொள்வது அதனால்தான். இறங்கும்போது களைப்பே தெரியாது, ஏறும்போது இரண்டு மடங்கு நேரம் ஆகும், அதுவும் வெயிலில். பிரைட் ஏஞ்சல் பாதையில் பிள்ளைகளோடு அரை மணி இறங்கினால், ஏற ஒரு மணி என்று வைத்துக்கொண்டு, காலை பத்துக்குள் மேலே வந்துவிடுங்கள். தண்ணீரோடு உப்புப் பண்டமும் வேண்டும்.

மார்ச் முதல் நவம்பர் கடைசி வரை ஹெர்மிட் சாலைக்குச் சொந்த வண்டி கூடாது, சிவப்புத் தட ஷட்டில்தான். பஸ்ஸில் ஏறி இறங்க முடியாத பெரியவர்கள் இருந்தால் நுழைவாயிலிலோ விருந்தினர் மையத்திலோ ‘சீனிக் டிரைவ் அக்செஸிபிலிட்டி பெர்மிட்’ கேளுங்கள். அதை வண்டி முகப்பில் வைத்தால் அந்தச் சாலையில் உங்கள் வண்டியே போகலாம். கேட்டால்தான் கிடைக்கும், பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

சூரிய அஸ்தமனத்துக்கு ஹோபி பாயின்ட். சூரியன் மறைந்த மறுகணம் எல்லோரும் ஒரே பஸ்ஸுக்கு வரிசை கட்டுவார்கள். ஐந்து நிமிடம் முன்னாலேயே நிறுத்தத்தில் நில்லுங்கள், அல்லது நன்றாக இருட்டும்வரை உட்கார்ந்திருந்து ஸ்வெட்டரோடு திரும்புங்கள். கம்பித் தடுப்பு சில இடங்களில் மட்டுமே இருக்கும். மற்ற இடங்களில் விளிம்பிலிருந்து ஆறடி தள்ளி, குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்தபடி. விரலைப் பிடித்தால் உருவிக்கொண்டு ஓடும். முறுக்கைக் கண்டால் கிட்டே வரும் அணில்களுக்கு எதையும் நீட்டாதீர்கள். சட்டப்படியும் குற்றம், கடித்தால் மருத்துவமனைக்குத்தான்.

திரும்பும் நாள்

அனஹைம் பக்கம் திரும்ப ஏறக்குறைய 490 மைல், வண்டி ஓடும் நேரமே எட்டு மணி. இரண்டு ஓட்டுநர் இல்லையென்றால் கிங்மனில் ஓர் இரவு கூட்டிக்கொள்ளுங்கள். இல்லையேல் 280 மைலில் லாஸ் வேகஸ் வந்து, வண்டியை அங்கேயே ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறலாம். ஓர் ஊரில் எடுத்து வேறு ஊரில் விட்டால் கூடுதல் கட்டணம் உண்டு, ஆனால் அந்தப் பணத்துக்கு ஒரு முழு நாள் மிஞ்சும். காரில் போகிறவர்கள் கூடையில் மிச்சமிருக்கும் ஆரஞ்சையும் ஆப்பிளையும் கொலராடோ ஆற்றைக் கடக்கும் முன் தின்று தீர்த்துவிடுங்கள். நீடில்ஸ் பக்கம் கலிபோர்னியாவின் வேளாண் சோதனைச் சாவடி வரும், பழம் இருக்கிறதா என்று கேட்பார்கள்.